வா, நில், பிடி, விடு

எங்கள் லேபில் அவளைப் பல்லக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பல் செட் செய்கிறவள், எல்லோருக்கும் அக்கா. இரண்டையும் சேர்த்து ஒட்டிவிட்டார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்த டெலிவரிக்காரர்கூட வாசலில் நின்று, "பல்லக்கா, பார்சல்!" என்று கத்துவார். நான் மட்டும் "ஏம்மா" என்பேன். அவள் என்னை "அண்ணே" என்பாள். பதினெட்டு வருடமாக அவள் மேசையும் என் மேசையும் ஒட்டிக் கிடக்கின்றன. அவள் செய்வது பல் செட், நான் செய்வது பழுதான பல்லுக்கு மேல் மாட்டுகிற கேப். ஊரில் பாதிப் பேர் எங்கள் புண்ணியத்தில்தான் வாய்விட்டுச் சிரிக்கிறார்கள். எங்களை ஒருத்தருக்கும் தெரியாது.

வேலை இதுதான். மருத்துவர்கள் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். பல்லக்கா அதில் பிளாஸ்டர் ஊற்றி ஈறின் வார்ப்பை எடுப்பாள். அதன்மேல் மெழுகைக் கட்டி, மெழுகில் பல்லை ஒவ்வொன்றாக நடுவாள். முழு செட்டுக்கு இருபத்தெட்டுப் பல். மேல்வரிசையும் கீழ்வரிசையும் ஒன்றோடொன்று சண்டை போடாமல் உட்கார வேண்டும். பிறகு மெழுகை உருக்கி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஈறு நிற மாவை அழுத்தி வேகவைத்து, சீவி, மெருகேற்றி அனுப்புவாள். பல் போனால் சொல் போச்சு என்பார்கள். போன சொல்லைத் திருப்பிக் கொடுக்கிற வேலை என்று அவளே சொல்லிக்கொள்வாள். கொஞ்சம் திமிர் உண்டு. ஆனால் அவள் செய்த ஒரு செட்கூடத் திரும்பி வந்ததில்லை. அப்புறம் திமிர் இருந்தால்தான் என்ன?

இப்படிப்பட்டவள் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழிலிருந்து ஒன்பது வரை கம்ப்யூட்டரில் கேம் ஆடுகிறாள் என்று தெரிந்தபோது நான் சிரித்துவிட்டேன். நாற்பத்திரண்டு வயது. கணவர் பஸ் ஓட்டுகிறார், மகள் ஹாஸ்டலில் படிக்கிறாள். மூன்றாம் மாடி வீட்டில் சமையலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவில் ஒரு சின்ன மேசை. அந்த இரண்டு மணி நேரம் வீட்டில் யாரும் அவளைக் கூப்பிடக் கூடாது. காஸ் தீர்ந்தாலும் சரி, தண்ணீர் நின்றாலும் சரி. அவள் கணவர் என்னைப் பார்த்தால், "என் பொண்டாட்டி கயிறு கட்டப் போயிட்டா, நான்தான் காபி போட்டேன்" என்று பெருமையும் புகாருமாகச் சொல்வார்.

கயிறு என்று அவர் சொன்னது அந்த ஆட்டத்தை. ஒரு மலை. இரண்டு பேர். இருவர் இடுப்பிலும் ஒரே கயிறு. ஒருத்தர் பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றால்தான் மற்றவர் தாவலாம். தனியாக ஆட முடியாது. ஒருத்தர் வராவிட்டால் மற்றவர் நின்ற இடத்திலேயே மணி அடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். பேசவும் முடியாது, எழுதவும் முடியாது. நான்கே நான்கு பொத்தான். வா, நில், பிடி, விடு. ஒவ்வொன்றுக்கும் ஒரு மணிச் சத்தம். அவ்வளவுதான் அந்த மலையின் மொத்த மொழி.

"நாலு வார்த்தைல என்னம்மா பேசுவீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வீட்ல உங்க சம்சாரத்தோட நீங்க எத்தனை வார்த்தை பேசறீங்க?" என்றாள். நான் கேப்பைத் தேய்க்கப் போய்விட்டேன்.

கயிற்றின் மறுமுனையில் இருப்பது அவளுடைய அக்கா என்பது அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. அதுவும் அவள் அப்படிச் சொல்லவில்லை. "அவ" என்றுதான் சொன்னாள். எப்போதும் "அவ". நல்ல கோபத்தில் இருந்தால் "அந்தப் பொம்பள".

ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவர்களுடைய அம்மா நாற்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். நாற்பது நாளும் பல்லக்காதான் பார்த்தாள். லேபுக்கு வந்து நாலு பல் நட்டுவிட்டு ஓடுவாள். தூர ஊரில் இருந்த மூத்தவள், அம்மா இறந்து இரண்டு நாள் கழித்து வந்து சேர்ந்தாள். வீடு நிறைய ஆட்கள். பெட்டியோடு வாசலில் நின்றவளைப் பார்த்து இவள் சொன்னாள்: "விருந்தாளி வந்தாச்சு. யாராவது காபி குடுங்க."

அவ்வளவுதான். மூத்தவள் பெட்டியைக் கீழே வைக்கவே இல்லை. அப்படியே திரும்பிப் போய்விட்டாள். நம்பரை மாற்றிவிட்டாள். ஏன் தாமதமாக வந்தாள் என்று இவள் கேட்கவுமில்லை, அவள் சொல்லவுமில்லை. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று நானே அப்போது நினைத்தேன். எனக்கும் அதே வியாதி இருப்பதால் வெளியே சொல்லவில்லை.

நாலு வருடம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு ஒருநாள் கூரியரில் ஒரு கவர் வந்தது. அனுப்பியவர் விலாசம் இல்லை. உள்ளே ஒரு துண்டுக் காகிதம். அதில் ஓர் ஆட்டத்தின் பெயர், ஏற்கெனவே தொடங்கி வைத்த ஒரு கணக்கு, பாஸ்வேர்டு. கணக்கின் பெயர் அழுமூஞ்சி. உலகத்தில் அவளை அப்படிக் கூப்பிடுகிற ஆள் ஒருத்திதான். இவள் அந்த ஞாயிற்றுக்கிழமை உள்ளே போய்ப் பார்த்தாள். மலையடிவாரத்தில் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு ஓர் உருவம் நின்றது. தலைக்கு மேல் பெயர்: முட்டைக்கண்ணி. சின்ன வயதில் இவள் அவளுக்கு வைத்த பெயர். மணி அடித்தது. வா.

அன்றிலிருந்து ஐந்து வருடம், ஒரு ஞாயிறு தவறாமல் ஏறினார்கள். சாண் ஏற முழம் சறுக்கும். பரவாயில்லை, மறுவாரம் திரும்ப ஏறுவார்கள். வேகமாக ஏறி முடித்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான் அவளுக்கு. அந்த ஆட்டத்தைச் செய்த கம்பெனி இந்த மாதிரி வெளியிட்டது ஒன்றே ஒன்று. அதன்பிறகு வந்ததெல்லாம் நூறு பேர் சேர்ந்து ஒருத்தரை ஒருத்தர் சுட்டுக்கொள்கிற ஆட்டம். கம்பெனியின் பக்கத்தில் 'உங்களுக்கு எப்படிப்பட்ட ஆட்டம் வேண்டும்?' என்று ஒரு பகுதி உண்டு. யார் வேண்டுமானாலும் எழுதலாம், எந்த மொழியிலும் எழுதலாம், கணக்குகூட வேண்டாம். பல்லக்கா அங்கே வருடத்துக்கு நாலு தடவை எழுதுவாள். 'இரண்டு பேர் சேர்ந்து ஆடுவது இன்னும் வேண்டும். சுட வேண்டாம். ஒருத்தருக்கு ஒருத்தர் உதவினால் போதும்.' அதன்கீழே ஒவ்வொரு முறையும், ஞாயிறு ஒன்பது மணி தாண்டியதும், பெயரில்லாமல் யாரோ ஒரு வரி போடுவார்கள்: 'எனக்கும் வேண்டும்.'

"யாருன்னு நினைக்கிறே?" என்று கேட்டேன்.

"யாரா இருந்தா எனக்கென்ன?" என்றாள். ஆனால் அந்த வரியைச் செல்போனில் படம் பிடித்து வைத்திருந்தாள். நாலு வருடத்துப் படங்கள், வரிசையாக.

இப்போது நடந்த கதைக்கு வருகிறேன். ஒரு சனிக்கிழமை அவள் வீட்டில் இன்டர்நெட் பெட்டியை மாற்றினார்கள். பழையது மழையில் போய்விட்டது. மறுநாள் காலை வழக்கம்போல மலை ஏறினார்கள். ஒரு கஷ்டமான இடம். மேலே இருப்பவள் கயிற்றைத் தளர்த்தினால்தான் கீழே இருப்பவள் ஊஞ்சல் மாதிரி ஆடி அடுத்த பாறைக்குப் போக முடியும். போன அடுத்த நொடி மேலே இருப்பவள் இறுக்கிப் பிடிக்க வேண்டும். முதலில் 'விடு', உடனே 'பிடி'. கீழே இருந்த இவள் 'விடு' அழுத்தினாள். ஆடினாள். 'பிடி' அழுத்தப் போன கணம் திரை கறுத்துவிட்டது. 'வழக்கத்துக்கு மாறான இடத்திலிருந்து நுழைவு. உங்கள் பாதுகாப்புக்காகக் கணக்கு பூட்டப்பட்டது.'

திங்கட்கிழமை லேபுக்கு வந்தவளைப் பார்த்ததும், வீட்டில் ஏதோ அசம்பாவிதம் என்றுதான் நினைத்தேன். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மெழுகுக் கத்தியை எடுப்பாள், வைப்பாள். உட்காருவாள், எழுந்து ஜன்னல் வரை போய் வருவாள்.

"அந்தப் பக்கம் இருக்கறவளுக்கு என்ன தெரியும் சொல்லுங்கண்ணே? 'உங்கள் துணை கயிற்றை விட்டுவிட்டார்'னு வரும். அதான் வரும். நான் கடைசியா சொன்னது 'விடு'ன்னு நிக்கும்."

"அடுத்த வாரம் பிடின்னு சொல்லிக்க. இதுக்கா இந்தப் பாடு?"

"முப்பது நாள்தாண்ணே. ரெண்டு பேரும் சேர்ந்து வரலைன்னா முப்பதாவது நாள் கயிறே அறுந்துடும். அப்புறம் அவ யாரோ, நான் யாரோ." கத்தியை மேசையில் தட்டிக்கொண்டே இருந்தாள். "அன்னிக்கு விருந்தாளின்னேன். இன்னிக்கு விடுன்னேன். ரெண்டு தடவையும் என் வாய்தான்."

அதற்குமேல் நான் கிண்டல் செய்யவில்லை.

பூட்டைத் திறக்க இரண்டு வழி வைத்திருந்தார்கள். ஒன்று, கணக்கோடு சேர்ந்த மெயிலுக்கு ஓர் எண் அனுப்புவார்கள். அந்த மெயில் மூத்தவள் இந்தக் கணக்குக்காகவே தொடங்கியதாக இருக்க வேண்டும். இவளுக்கு அதன் முதல் எழுத்தும் ஐந்து நட்சத்திரக் குறியும்தான் தெரிந்தன. மூத்தவள் அதைத் திறந்து பார்த்து எத்தனை யுகம் ஆயிற்றோ. இரண்டாவது, ஒரு கேள்விக்குப் பதில். கணக்கு தொடங்கும்போது மூத்தவள் தேர்ந்தெடுத்து, பதிலையும் அடித்து வைத்த கேள்வி: உங்கள் மூத்த சகோதரி அல்லது சகோதரரின் பெயர் என்ன?

"கரும்பு தின்னக் கூலியா? பேரை அடிச்சுட்டுப் போ," என்றேன்.

"அடிக்காமலா இருப்பேன்? மூணு தடவை அடிச்சேன். மூணும் தப்பாம். ஒரு நாளைக்கு மூணுதான். நாளைக்கு வான்னுடுச்சு."

சங்கடம் இதுதான்: பதிலை இங்கிலீஷ் எழுத்தில்தான் அடிக்க முடியும். மூத்தவளின் பெயர் நடுவில் ஒரு 'ழ' உட்கார்ந்திருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு நெடில். நம் 'ழ'வை இங்கிலீஷில் எழுதச் சொன்னால் ஆளுக்கு ஒரு வழி. இசட்டும் எச்சும் போடுவார் ஒருத்தர். வெறும் எல் போடுவார் இன்னொருத்தர். வெறும் இசட், எல்லோடு எச் என்று மற்றவர்கள். நெடிலுக்கு ஓர் ஏ போதுமா, இரண்டு வேண்டுமா, ஏயோடு ஓர் எச் சேர்ப்பதா? கடைசி எழுத்தை ஐ என்று முடிப்பதா, ஒய் என்று முடிப்பதா, இரண்டு ஈ போட்டு முடிப்பதா? மருத்துவர் சீட்டின் பின்பக்கத்தில் நானும் அவளும் உட்கார்ந்து எழுதிப் பார்த்தோம். முப்பத்தாறு விதம் வந்தது. ஒரு நாளைக்கு மூன்று என்றால் பன்னிரண்டு நாள்.

"அவளோட சர்டிபிகேட்ல எப்படிம்மா இருக்கும்?"

"ஒவ்வொரு சர்டிபிகேட்ல ஒவ்வொரு மாதிரி இருக்கும். அதுக்கே ரெண்டு தடவை ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சா."

தினமும் மதியம் சாப்பாட்டு நேரத்தில் மூன்று பெயர் அடிப்பாள். தப்பானதை நான் சீட்டில் பென்சிலால் கோடு போட்டு நீக்குவேன். நடுவில் உதவி மையத்துக்கு எழுதினாள். எழுதிய மறுநொடி பதில் வந்தது. மனுஷன் எழுதிய பதில் இல்லை. 'உங்கள் பொறுமைக்கு நன்றி.'

"எங்கிட்ட எங்க பொறுமை இருக்கு, இவன் நன்றி சொல்றதுக்கு?" என்று பல்லைக் கடித்தாள்.

அதற்கு அடுத்த பதில்: 'கணக்கு தொடர்பான உதவிக்குத் தயவுசெய்து உங்கள் கணக்கில் நுழையவும்.' கிணற்றில் விழுந்தவனிடம், மேலே ஏறி வந்து கயிறு வாங்கிக்கொண்டு போ என்கிற கதை. எனக்கு ரத்தம் கொதித்தது. நானே உட்கார்ந்து, என் மகளுக்குத் தெரிந்தால் மானம் போகிற அளவுக்கு நாலு வார்த்தை எழுதி அனுப்பினேன். 'உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியமானது' என்று வந்தது. செவிடன் காதில் ஊதிய சங்காவது ஊதுகிறவனுக்குக் கேட்கும். ஐந்தாம் நாள் 'உங்கள் பிரச்சினை தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?' என்று கேட்டார்கள். நட்சத்திரம் ஒன்றுகூடத் தராமல் பக்கத்தை மூட அங்கே வழியில்லை.

பத்தாம் நாள் அவள் செய்த செட் ஒன்று திரும்பி வந்தது. பதினெட்டு வருடத்தில் முதல் முறை. மேல்வரிசையின் இடது கோரைப்பல்லை வலப்பக்கமும் வலதை இடப்பக்கமும் நட்டிருந்தாள். 'நோயாளி கண்ணாடியைப் பார்த்துப் பயந்துவிட்டார்' என்று மருத்துவர் குறிப்பு எழுதியிருந்தார். முதலாளி அதை அவள் மேசையில் மெதுவாக வைத்துவிட்டுப் போனார். அவர் கத்தியிருந்தால்கூடத் தேவலை. அவள் அந்த செட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"வேலையையும் கெடுத்துக்கிட்டேன்," என்றாள்.

பன்னிரண்டாம் நாள் முப்பத்தாறும் தீர்ந்தது. பிறகு முதலெழுத்தைப் பெரிதாக, அப்பா பெயரின் எழுத்தைச் சேர்த்து, இடைவெளி விட்டு, விடாமல் என்று அடித்துப் பார்த்தாள். முட்டைக்கண்ணியையும் அடித்துப் பார்க்கச் சொன்னேன். அதுவும் இல்லை.

அவளுடைய தாய்மாமாவுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"நம்பர் இருக்கும்மா. ஆனா யார் கேட்டாலும் குடுக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாளே."

"நான் கேட்டேன்னு சொல்லுங்க மாமா."

"உன் பேரைத்தான்மா அவ முதல்ல சொன்னா."

போனை வைத்துவிட்டு, எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். அன்று மாலையே லேபில் கேப் வடிவமைக்கிற பெரிய கம்ப்யூட்டரில், முதலாளிக்குத் தெரியாமல் அந்த ஆட்டத்தை இறக்கினாள். புதுக் கணக்கு தொடங்கினாள். முட்டைக்கண்ணியைத் தேடிப் பிடித்து அழைப்பு விடுத்தாள். ஒரே வரியில் பதில் வந்தது: 'இவர் தன் கயிற்றுத் துணையைத் தவிர வேறு யாருடைய அழைப்பையும் ஏற்பதில்லை.'

அதைப் படித்துவிட்டு அவள் அழுதாள். நான் எதிர்ச் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பது சும்மா சொன்னதில்லை. அந்தப் பக்கம் இருப்பவள் ஒரே ஒருத்திக்காகக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஊருக்கெல்லாம் பூட்டி வைத்திருக்கிறாள். அந்த ஒருத்தி வேறு பெயரில் வாசலில் நிற்கிறாள்.

இருபதாம் நாள்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. பெருமைக்குச் சொல்லவில்லை, ஆட்டம் என்றால் ஆட்டுக்கு எத்தனை கால் என்று கேட்கிற ஆள் நான். "ஏம்மா, 'எனக்கும் வேண்டும்'னு ஒருத்தி எழுதுவாளே, அந்த இடத்துக்குக் கணக்கே வேண்டாம்னியே. அங்க எழுதேன்."

அவள் என்னைப் பார்த்த பார்வையில், இதை முதல் நாளே சொல்ல உங்களுக்கு என்ன கேடு என்று இருந்தது.

முதலில் நேராகவே எழுதினாள். 'முட்டைக்கண்ணிக்கு. நான் கயிற்றை விடவில்லை. கணக்கைப் பூட்டிவிட்டார்கள்.' ஐந்து நிமிடத்தில் தூக்கிவிட்டார்கள். 'இது ஆட்டக் கோரிக்கைகளுக்கான இடம். கணக்குப் பிரச்சினைகளை உதவி மையத்துக்கு அனுப்பவும்.' இரண்டாம் தடவையும் தூக்கிவிட்டார்கள். மூன்றாம் தடவை தூக்கினால் அந்தக் கதவும் அடையும் என்று எச்சரிக்கை வேறு.

"கோரிக்கைதான வேணும்? கோரிக்கையாவே குடுக்கறேன்," என்றாள். பழைய திமிர் கொஞ்சம் திரும்பியிருந்தது. பல் நடுகிற மாதிரி ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்து, மதியம் முழுக்க எழுதினாள். பிறகு எனக்குப் படித்துக் காட்டினாள்.

'இப்படி ஓர் ஆட்டம் வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து ஆடுவது. மூத்தவளும் இளையவளும் ஒரே கயிற்றில் மலை ஏறுகிறார்கள். பாதி வழியில் இளையவளை ஒரு வீடு விழுங்கிவிடுகிறது. வெளியே இருப்பவளுக்கு, இளையவள் கயிற்றை விட்டுவிட்டுப் போனதாகத் தெரியும். அவள் விடவில்லை. விடு என்று சொன்னவள் பிடி என்று சொல்வதற்குள் கதவு அடைத்துக்கொண்டது. மூத்தவளின் பெயரை எழுதினால் கதவு திறக்குமாம். இளையவள் எல்லா விதமாகவும் எழுதிப் பார்த்துவிட்டாள். திறக்கவில்லை. இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது. இந்த ஆட்டத்தில் மூத்தவள் வெளியே இருந்து உதவ முடிய வேண்டும். முன்பு ஒருநாள் வாசலில் வைத்துச் சொன்ன ஒரு சொல்லை இளையவள் திரும்ப எடுத்துக்கொள்ளவும் ஒரு பொத்தான் வேண்டும்.'

"நல்லாருக்கு," என்றேன். "ஆனா மூத்தவ, இளையவன்னு ஏம்மா சுத்தி வளைக்கறே? அக்கா, தங்கச்சின்னு எழுதேன்."

"இப்படியே இருக்கட்டும்ணே," என்று அனுப்பிவிட்டாள்.

'உங்கள் அருமையான யோசனைக்கு நன்றி! எங்கள் குழுவின் பார்வைக்கு வைத்துள்ளோம்' என்று வந்தது. அதோடு விட்டார்களா? ஊர் பேர் தெரியாதவர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். நூற்றுப்பத்துப் பேர் விருப்பம் போட்டார்கள். 'செம ஐடியா, எப்ப வரும்?' என்றான் ஒருவன். 'நாலு பேர் ஆட முடியுமா?' என்றான் இன்னொருவன். 'அந்த வீட்டுக்குள்ள பேய் வைக்கலாம்' என்று ஒரு மேதாவி. பல்லக்கா ஒவ்வொரு வரிக்கும் ஓடிப்போய்ப் பார்ப்பாள், பேயைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவாள். ஞாயிறு ஒன்பது மணி வந்து போயிற்று. வழக்கமான அந்த ஒரு வரி வரவில்லை. திங்கள் வரவில்லை. செவ்வாய் வரவில்லை.

"சரி விடுங்கண்ணே. அவளுக்கும் ரோஷம் இருக்கும்ல," என்றாள் செவ்வாய் சாயங்காலம். அப்படிச் சொன்னவள் பஸ் ஸ்டாப் வரைக்கும் போனைப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

புதன்கிழமை அவளுக்குப் பொறுக்கவில்லை. காலையில் வந்ததும் எதையோ நினைத்துக்கொண்டு, பெயரை வேறு இரண்டு விதமாக அடித்துப் பார்த்திருக்கிறாள். இரண்டும் தப்பு. அன்றைக்கு மிச்சம் ஒன்று. மதியம் நான் டிபன் டப்பாவைத் திறந்த நேரத்தில் அவள் மேசையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பல் வலி வந்தவர்கள் போடுகிற மாதிரி ஒரு சத்தம். போனை என் முன்னால் நீட்டினாள். பேய் வைக்கச் சொன்னவனுக்குக் கீழே, பெயரில்லாமல், புதிதாக இரண்டு வரி.

'எனக்கும் இந்த ஆட்டம் வேண்டும். ஆனால் கதையில் ஒரு தப்பு இருக்கிறது: மூத்தவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற பழக்கம் இளையவளுக்கு எப்போதிலிருந்து வந்தது?'

எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. புரிந்ததும் என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். முப்பத்தாறு விதம்! பென்சிலைச் சீவிச் சீவி எழுதினோமே! கேட்டது பெயர் என்பதால் பெயரையே தேடினோம். கணக்கைத் தொடங்கியவள் அதைத் தனக்காகத் தொடங்கவில்லை; தங்கைக்காக, தங்கை வாயால் பதில் சொல்வது போல அடித்து வைத்திருக்கிறாள். கூடப் பிறந்த மூத்தவளைத் தங்கை என்னவென்று கூப்பிடுவாள்? லேபில் டெலிவரிக்காரர் வரைக்கும் நாளுக்கு நூறு தடவை சொல்கிற சொல். ஒன்பது வருடமாகப் பல்லக்கா மட்டும் சொல்லாத சொல்.

பெரிய கம்ப்யூட்டரில் போய் உட்கார்ந்தாள். பதில் கட்டம் காலியாக மின்னிக்கொண்டிருந்தது. கையை எடுத்துப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நீங்க அடிங்கண்ணே."

"நான் எதுக்கு அடிக்கணும்? எனக்கா அவ அக்கா?"

"தப்பாப் போச்சுன்னா?"

"போகாது. அடி."

நாலே எழுத்து. இதில் 'ழ' இல்லை, நெடில் குழப்பம் இல்லை. ஒவ்வொரு எழுத்தாக, விரலால் பல்லைத் தட்டிப் பார்க்கிற மாதிரி அடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு எண்டர் தட்டினாள். நான் கண்ணை மூடவில்லை. திறந்துவிட்டது.

மலைக்குப் போகும் முன் திரையின் ஓரத்தில் ஒரு பட்டியல் இருந்தது. இருவரும் கடைசியாக அடித்த மணிகள். அன்றைய ஞாயிற்றுக்கிழமை, அழுமூஞ்சி: விடு. அதற்குக் கீழே முட்டைக்கண்ணி: பிடி. பிடி. பிடி. பிடி. எண்ணவில்லை, திரை கொள்ளாமல் கீழே போய்க்கொண்டே இருந்தது. அதற்கு அடுத்த ஞாயிறு ஏழு மணிக்கு: வா. அதற்கு அடுத்த ஞாயிறு ஏழு மணிக்கு: வா. போன ஞாயிறும் வா. ரோஷமாம் ரோஷம்.

பல்லக்கா அந்தப் பட்டியலைக் கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே தள்ளித் தள்ளிப் படித்தாள். முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை. வாசலில் முதலாளியின் ஸ்கூட்டர் வந்து நின்ற சத்தம் கேட்டது. நான் எழுந்து போய்க் கதவருகே நின்றுகொண்டேன். ஒரு கேப்பின் நிறம் சரியில்லை என்று சொல்லி அவரைப் பத்து நிமிடம் வெளியிலேயே பிடித்து வைக்கலாம் என்று கணக்குப் போட்டேன்.

மலை திறந்தது. புதன்கிழமை மதியம் ஒன்றே காலுக்கு, மேலே அந்தப் பாறையின் விளிம்பில், கயிற்றை மணிக்கட்டில் நாலு சுற்றுச் சுற்றிக்கொண்டு அந்த உருவம் குந்தியிருந்தது. எத்தனை நேரமாகவோ. கயிற்றின் இந்த முனையில் அழுமூஞ்சி தொங்கிக்கொண்டிருந்தாள். மேலே இருந்தவள் எழுந்து நின்றாள். மணி அடித்தது. வா.

பல்லக்காவின் விரல் பொத்தானுக்குப் போகவில்லை. கேட்காது என்று அவளுக்குத் தெரியும். அந்த ஆட்டத்தில் குரலே கிடையாது. இருந்தும் திரையைப் பார்த்து வாய்விட்டுச் சொன்னாள்.

"இதோ வரேன்க்கா."